பழைய செப்புக் கம்பியின் தரங்கள்: ஒரு வரலாறு

முன்னுரை

செம்பு என்னும் உலோகத்தைத் தாமிரம் என்றும் அழைப்பர். கடைத்தெருவில் காப்பர் என்பதே வழக்கு. வீட்டு வயரிங்கை மாற்றும்போது உருவிய கம்பி, எரிந்துபோன மோட்டாரின் காயில், அறுந்த தொலைபேசிக் கேபிள் ஆகியவை பயன் முடிந்ததும் காயலான் கடைக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து மொத்த வியாபாரியிடமும், அவரிடமிருந்து உருக்காலைக்கும் செல்கின்றன. பிறகு மீண்டும் கம்பியாகவோ, குழாயாகவோ, பாத்திரமாகவோ நம்மிடம் திரும்புகின்றன. செம்பை எத்தனை முறை உருக்கினாலும், தூய்மை கெடாதவரை அதன் இயல்பு குறைவதில்லை.

பழைய பொருள்களை வாங்கி விற்ற காயல்பட்டினத்து வணிகர்களால்தான் காயலான் கடை என்ற பெயர் வந்தது என்று பலரும் கூறுவர். அந்தக் கடையில் ஒரு செய்தியைக் கவனிக்கலாம். இரண்டு கம்பிகளும் செம்புதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. ஒன்றை "ஒன்னாம் நம்பர்" என்றும் மற்றொன்றை "ரெண்டாம் நம்பர்" என்றும் கடைக்காரர் தனித்தனியாகப் போடுவார். பளபளப்பான கம்பி என்றால் "மில்பெரி" என்பார். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? யார் வகுத்தார்கள்? தரம் பிரிப்பதால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? இக்கேள்விகளுக்கான விடை மின்சாரத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

செம்பின் தூய்மைக்கு வந்த மதிப்பு

குடமும் அண்டாவும் செய்யும் காலம்வரை, செம்பில் சிறிது வேறு உலோகம் கலந்திருப்பது பெரிய குறையாகத் தெரியவில்லை. தந்தி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தந்திக் கேபிள் பதிக்கும் முயற்சி 1850களில் நடந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், 1857இல் சந்தையில் கிடைத்த செப்புக் கம்பிகளைச் சோதித்தார். எல்லாமே செம்பு என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டவை. ஆயினும் அவற்றுள் மோசமானவை, நல்லவற்றைப்போல் ஏறத்தாழப் பாதியளவே மின்சாரத்தைக் கடத்தின. கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது. கேபிளுக்கு வாங்கும் செம்பை மின்கடத்துதிறன் பார்த்தே வாங்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

இதற்குக் காரணம் செம்பில் கலந்திருக்கும் நுண்ணிய மாசுகளே. பாஸ்பரஸ், ஆர்சனிக், இரும்பு போன்றவை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே கடத்துதிறன் கணிசமாகக் குறையும். ஆகவே மின்தொழிலுக்கு மிகத் தூய செம்பு தேவைப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எல்கிங்டன் 1865இல் மின்னாற்பகுப்பு முறையில் செம்பைத் தூய்மையாக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். 1869இல் வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரே என்னும் ஊரில் அம்முறையில் ஆலை இயங்கத் தொடங்கியது. மாசுள்ள செம்பை ஒரு தகடாகவும், தூய செம்பை இன்னொரு தகடாகவும் அமிலக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், முதல் தகட்டின் செம்பு கரைந்து இரண்டாவது தகட்டில் படியும். மாசுகள் கரைசலிலும் அடிக்கசடிலும் தங்கிவிடும். இன்றும் 99.99 விழுக்காடு தூய செம்பு இவ்வழியில்தான் பெறப்படுகிறது.

இதில் செலவு மிகுதி. பழைய கம்பியின் விலை வேறுபாட்டுக்கும் இதுவே அடிப்படை. ஒரு கம்பி போதிய தூய்மையுடன் இருந்தால் அதை நேரே உருக்கிப் புதிய பொருள் செய்யலாம். தூய்மை குறைந்திருந்தால் மறுபடியும் சுத்திகரிப்பு ஆலை முழுவதையும் கடந்து வர வேண்டும். அந்தச் செலவைத்தான் வாங்குபவர் "ரெண்டாம் நம்பர்" விலையில் கழித்துக்கொள்கிறார்.

1913: இரண்டு நிகழ்வுகள்

செம்பின் வரலாற்றில் 1913ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம், பதப்படுத்திய செம்பின் கடத்துதிறனுக்கு உலகப் பொது அளவு ஒன்றை ஏற்றது. அந்த அளவே 100 விழுக்காடு எனக் கொள்ளப்பட்டது. இன்றைய தூய செம்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கடத்துவதால், 101 விழுக்காடு என்ற விந்தையான எண்ணைச் சில கம்பிச் சான்றிதழ்களில் காணலாம்.

அதே 1913இல் அமெரிக்காவில் கழிவுப் பொருள் வணிகர்களின் தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது. கந்தல் துணி, பழைய ரப்பர், காகிதம், உலோகம் ஆகியவற்றை வாங்கி விற்றவர்களின் அமைப்பு அது. அன்றைய அமெரிக்காவில் இத்தொழிலில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள் பெரும் பங்கு வகித்தனர். கையில் முதல் இல்லாமல் வந்து இறங்கியவருக்கு, தள்ளுவண்டி ஒன்றுடன் தொடங்கக்கூடிய தொழிலாக இது இருந்தது. ஊரார் இவர்களை மதிப்புடன் பார்க்கவில்லை. திருட்டுப் பொருள் வாங்குபவர்கள், எடையில் ஏமாற்றுபவர்கள் என்ற பழி இருந்தது. சங்கம் அமைத்துப் பொது விதிகளை எழுதிக்கொண்டதற்கு இந்தப் பழியிலிருந்து விடுபடும் எண்ணமும் ஒரு காரணம் எனலாம்.

மற்றொரு காரணம் தொலைவு. ஒரு நகரத்து வியாபாரி வேறொரு நகரத்து ஆலைக்குச் சரக்கு அனுப்பும்போது வாங்குபவர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. "நல்ல செம்பு" என்று சொல்லி அனுப்பினால், எது நல்லது என்பதில் வழக்கு வரும். எனவே ஒவ்வொரு வகைக்கும் வரையறை எழுதப்பட்டது. அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பும் இரும்பு ஸ்கிராப் வணிகர்களின் அமைப்பும் 1987இல் ஒன்றாயின. அவ்வாறு உருவான ஸ்கிராப் மறுசுழற்சித் தொழில்கள் நிறுவனம், 2024இல் மறுசுழற்சிப் பொருள்கள் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர்கள் மாறினாலும் வரையறைப் பட்டியல் தொடர்ந்து வெளிவருகிறது. உலக வணிகத்தில் பழைய உலோகத்துக்கு அதுவே பொதுமொழி.

தந்திச் சொற்கள்

தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். நீண்ட விளக்கத்தை அனுப்பினால் செலவு கூடும். எனவே ஒரு வகைக்கு ஒரு சொல் என்று குறியீடு வைத்தார்கள். அச்சொற்களுக்கும் செம்புக்கும் பொருள் தொடர்பு எதுவும் இல்லை. செப்புக் கம்பி தொடர்பான முக்கியக் குறியீடுகள் வருமாறு:

பார்லி: மேலுறை இல்லாத, பளபளப்பான, கலப்பில்லாத முதல் தரக் கம்பி. இதையே சந்தையில் பளபளப்புக் கம்பி என்பர். நம் நாட்டுக் கடைகளில் வழங்கும் மில்பெரி என்ற பெயரும் பெரும்பாலும் இவ்வகையையே குறிக்கும்.

பெர்ரி: சுத்தமான, ஈயமோ வெள்ளீயமோ பூசாத, கலப்பில்லாத கம்பியும் கேபிளும். நிறம் மங்கியிருக்கலாம். ஆனால் எரித்து நொறுங்கும் நிலையில் உள்ள கம்பி இதில் சேரக்கூடாது.

பிர்ச்: இரண்டாம் தரக் கம்பி. செம்பின் அளவு பொதுவாக 96 விழுக்காடும், குறைந்தது 94 விழுக்காடும் இருக்க வேண்டும்.

ட்ரூயிட்: மேலுறையோடு கூடிய கம்பி. இதன் விலை, உள்ளே எவ்வளவு செம்பு கிடைக்கும் என்பதைப் பொறுத்தது.

குளோவ், கோப்ரா: இயந்திரத்தில் துண்டு துண்டாக நறுக்கி மேலுறை நீக்கிய செப்பு மணிகள். குளோவில் குறைந்தது 99 விழுக்காடும், கோப்ராவில் 97 விழுக்காடும் செம்பு இருக்க வேண்டும்.

குழாய், தகடு போன்றவற்றுக்குக் கேண்டி, கிளிஃப் என வேறு சொற்கள் உள்ளன. ஆக, கிராம்பும் நாகமும் பார்லித் தானியமும் பழைய செம்பின் பெயர்களாயின. தந்தி மறைந்துவிட்டது, அதன் சொற்கள் மின்னஞ்சலிலும் ஒப்பந்தத்திலும் இன்றும் வாழ்கின்றன.

கம்பியின் தடிமனும் தரத்தில் சேரும். பார்லிக்கும் பெர்ரிக்கும் அமெரிக்கக் கம்பி அளவில் 16ஆம் எண்ணுக்குக் குறையாத தடிமன் வேண்டும். அது ஏறத்தாழ 1.29 மி.மீ. விட்டம். இதற்கு எளிய அறிவியல் காரணம் உண்டு. கம்பியின் விட்டம் பாதியானால், அதே எடையுள்ள கம்பியின் மேற்பரப்பு இரு மடங்காகும். மேற்பரப்பு கூடினால் காற்றுடன் வினைபுரிந்து ஆக்சைடாகும் பகுதியும் கூடும். உலையில் போடும்போது அவ்வளவும் கசடாகப் போய்விடும். நம் வீடுகளில் இப்போது பயன்படும் பல இழைக் கம்பியில் ஒவ்வோர் இழையும் இந்த அளவைவிட மெல்லியது. அதனால்தான் புத்தம் புதிதாக இருந்தாலும் இழைக் கம்பியைச் சில வணிகர்கள் முதல் தரத்தில் சேர்க்க மறுக்கின்றனர்.

விலக்குப் பட்டியலில் ஒரு வரலாறு

இரண்டாம் தரமான பிர்ச்சின் வரையறையில், இன்னின்னவை அதிகம் இருக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. ஈயம் மிகுந்த கம்பி, வெள்ளீயம் பூசிய கம்பி, பற்றவைப்பு ஒட்டிய கம்பி, பித்தளைக் கம்பி, எண்ணெய், இரும்பு, தலைமுடிபோன்ற மெல்லிய கம்பி, நொறுங்கும் எரிந்த கம்பி, சாம்பல் ஆகியவை அதில் உள்ளன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் மின்கம்பியின் நூற்றாண்டு வரலாறே அதில் ஒளிந்திருப்பது தெரியும்.

வெள்ளீயம் பூசிய கம்பி ரப்பர் காலத்தின் மிச்சம். முற்காலக் கம்பிகளுக்கு ரப்பர் மேலுறை இட்டனர். ரப்பரை வலுவாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் செம்பை அரிக்கும். அதைத் தடுக்கவே செம்பின்மேல் வெள்ளீயம் பூசினர். பழைய வீடுகளில் துணியும் ரப்பரும் சுற்றிய கம்பியை உரித்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். செம்பு 1085 பாகையில் உருகும். எனவே சூடாக்கி எளிதில் பிரித்துவிடலாம் என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். அது நடவாது. உலையில் வெள்ளீயம் செம்போடு கரைந்து கலந்துவிடும்.

ஈயமும் எண்ணெயும் நிலத்தடிக் கேபிளின் அடையாளங்கள். எண்ணெயில் ஊறிய காகிதத்தைச் செம்பின்மேல் சுற்றி, நீர் புகாதிருக்க வெளியே ஈய உறை இட்ட கேபிள்கள் பல பத்தாண்டுகள் நகரங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தன. முடிபோன்ற மெல்லிய கம்பி தொலைபேசி, வானொலி, சிறு மோட்டார்கள் ஆகியவற்றின் சுருள்களிலிருந்து வருவது.

மோட்டார் சுருள்களில் கம்பியின்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். செம்பின் நிறமே அதில் தெரிவதால் வெறுங்கம்பி என்று பலர் ஏமாறுவர். அது இரண்டாம் தரத்திலேயே சேர்க்கப்படும். கோயம்புத்தூரில் மின்மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் வளர்ந்ததால், அங்கும் சுற்றுவட்டாரத்திலும் காயில் கட்டும் பட்டறைகள் பெருகின. ஒவ்வொரு கோடையிலும் மின்னழுத்தக் குறைவால் எரிந்த பம்பு மோட்டார்கள் அங்கு வரும். பழைய காயிலை வெட்டி உருவிப் புதியது கட்டுவார்கள். உருவிய காயில் எடைக்குப் போகும்.

தரம் பிரித்து விற்பனைக்குத் தயார் செய்தல்

தரம் பிரிப்பவரிடம் ஆய்வகம் இல்லை. கண், கை, காந்தம், அரம், வெட்டுக்கத்தரி ஆகியவையே அவருடைய கருவிகள்.

முதலில் காந்தத்தால் தடவிப் பார்ப்பர். செம்பு பூசிய எஃகுக் கம்பி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கம்பியை வெட்டி முனையைப் பார்ப்பர். செம்பு பூசிய அலுமினியக் கம்பி வெளியே செம்பாகவும் நடுவே வெள்ளையாகவும் இருக்கும். எடையும் மிகக் குறைவு. பிறகு அரத்தால் தேய்ப்பர். வெள்ளீயப் பூச்சு இருந்தால் வெண்மைக்குக் கீழே சிவப்புத் தெரியும். இறுதியாக வளைத்துப் பார்ப்பர். நல்ல செம்பு பல முறை வளையும். எரிந்த செம்பு விரைவில் ஒடியும்.

தயாரிக்கும் வேலை பிரிப்பதில் தொடங்குகிறது. தடித்த கம்பி, இழைக் கம்பி, காயில், தொலைபேசிக் கம்பி எனத் தனித்தனியே குவிக்க வேண்டும். முனைகளில் உள்ள பிளக், பித்தளைக் கொக்கி, இரும்புத் திருகு, பற்றவைத்த பகுதி ஆகியவற்றை வெட்டி எடுக்க வேண்டும். நூறு கிலோ நல்ல கம்பியில் பற்றவைப்பு ஒட்டிய நாலைந்து துண்டுகள் கிடந்தால், வாங்குபவர் மொத்தத்தையும் இரண்டாம் தரம் என்று சொல்ல அதுவே போதும். கலந்த குவியலுக்கு எப்போதும் அதிலுள்ள தாழ்ந்த சரக்கின் விலைதான்.

அடுத்தது மேலுறையை உரித்தல். தடித்த கம்பியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி இழுத்தால் உரிந்துவிடும். கையால் சுற்றும் உரிப்பு இயந்திரமும், மோட்டாரில் ஓடும் இயந்திரமும் உண்டு. மெல்லிய கம்பிக்கு இவை பயன்படுவதில்லை. அதற்கு நறுக்கும் இயந்திரம் வேண்டும். அது கம்பியைச் சிறு மணிகளாக வெட்டி, அதிரும் மேசைமேல் காற்று வீசிப் பிரிக்கும். செம்பின் அடர்த்தி ஏறத்தாழ 9. பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஒன்றரைக்கும் குறைவு. முறத்தில் நெல்லும் பதரும் பிரிவதுபோல இவை பிரிகின்றன. உரித்த கம்பியை மழையும் உப்புக்காற்றும் படாமல் வைக்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறினால் பளபளப்பும் விலையும் போய்விடும்.

ஒரு சிறு கணக்கு

மேலுறையோடு கூடிய கம்பியில் எவ்வளவு செம்பு உள்ளது என்பதை விற்பவர் அறிந்திருப்பது நல்லது. வீட்டு வயரிங்கில் பயன்படும் 2.5 சதுர மி.மீ. கம்பியை எடுத்துக்கொள்வோம். அது ஒற்றைக் கம்பியாக இருந்தால் விட்டம் ஏறத்தாழ 1.78 மி.மீ. ஒரு மீட்டர் நீளத்தில் 2.5 கன செ.மீ. செம்பு இருக்கும். அடர்த்தி 8.96 என்பதால் எடை 22.4 கிராம். மேலுறை 0.8 மி.மீ. தடிமன் என்றால் அதன் கன அளவு ஏறத்தாழ 6.5 கன செ.மீ. பி.வி.சி. பிளாஸ்டிக்கின் அடர்த்தியை 1.4 என்று கொண்டால், எடை ஏறத்தாழ 9 கிராம். மொத்தம் 31.5 கிராமில் செம்பு 22.4 கிராம், அதாவது 71 விழுக்காடு.

இதே முறையில் 0.5 சதுர மி.மீ. மெல்லிய கம்பிக்கு 0.6 மி.மீ. மேலுறை என்று கொண்டு கணக்கிட்டால், செம்பு 55 விழுக்காடு அளவே வரும். கம்பி மெலிய மெலிய, எடையில் பிளாஸ்டிக்கின் பங்கு கூடும்.

இந்தக் கணக்கைப் போட முடியாதவருக்கும் ஒரு வழி உண்டு. குவியலிலிருந்து 100 கிராம் வெட்டி எடுத்து, உரித்து, செம்பை மட்டும் நிறுத்தால் விழுக்காடு நேரே கிடைக்கும். பத்துக் கிலோ மெல்லிய கம்பியில் ஐந்தரைக் கிலோ செம்பு இருக்க, கடைக்காரர் நாலு கிலோ என்று மதிப்பிட்டால், விற்பவர் ஒன்றரைக் கிலோ செம்பை இழக்கிறார். நூறு கிராம் சோதனை அந்த இழப்பைத் தடுக்கும்.

எரித்தலும் அதன் விலையும்

உரிப்பதற்குப் பொறுமை இல்லாதபோதும் கருவி இல்லாதபோதும் கம்பியைக் குவித்துத் தீ வைத்துவிடுகின்றனர். இதனால் முதலில் கெடுவது செம்பின் தரம். தீயில் மேற்பரப்பு கருகி ஆக்சைடாகிறது. மின்கம்பிச் செம்பின் உள்ளே இயல்பாகவே சிறிதளவு ஆக்சைடு உண்டு. எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் செம்புக்குள் புகுந்து அந்த ஆக்சைடோடு வினைபுரிந்து நீராவியாகும். அந்த நீராவி வெளியேற வழியின்றி, உலோகத்தின் மணிகளுக்கு இடையே நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். கம்பி நொறுங்குவது இப்படித்தான். முதல் தரமாக இருக்க வேண்டிய கம்பி தீயில் விழுந்து எழுந்தால் இரண்டாம் தரமாகிறது. சில வேளைகளில் அதுவும் ஆவதில்லை.

கெடும் மற்றொன்று மனித உடல். பி.வி.சி. மேலுறை 1930களில் வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. அதில் குளோரின் உண்டு. எரிக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை எழும். கண்ணும் தொண்டையும் எரியும். குளோரினும் கரிப்பொருளும் சேர்ந்து டையாக்சின் என்னும் கொடிய நச்சுகள் உருவாகின்றன. அந்த வினையைத் தூண்டிவிடும் ஊக்கியாகச் செம்பே செயல்படுகிறது. எனவே செப்புக் கம்பியை எரிப்பது வெறும் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிடத் தீமை மிகுந்தது. பழைய பி.வி.சி.யில் சேர்த்த ஈயச் சேர்மங்கள் சாம்பலில் தங்கி, மண்ணிலும் குழந்தைகளின் கைகளிலும் ஒட்டுகின்றன.

நிலைத்து நிற்கும் கரிம மாசுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது. டையாக்சினை வெளியிடும் செயல்களின் பட்டியலில் செப்புக் கேபிள்களைத் தணலிட்டு எரிப்பதையும் அது பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. இந்தியா 2006இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கான தனி விதிகள் 2011இல் வெளியாகி 2012இல் அமலுக்கு வந்தன.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எரிந்த கம்பி வேண்டாம் என்று வணிகரின் விதி சொன்னதற்குக் காரணம், வாங்குபவருக்கு உலையில் நட்டம் என்பதே. எரிப்பவரின் நுரையீரலைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. உயிருக்காகப் பேசும் விதிகள் பின்னர்தான் வந்தன.

ஆசிரியப் பணியில் இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமைகளில் கருகிய நெடியோடு வகுப்புக்கு வருவான். அவன் குடும்பம் பழைய பொருள் சேகரித்து வாழ்ந்தது. ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் கம்பி எரிப்பது அவன் வேலை. ஒரு நாள் அவனிடம் சிறிது கம்பி கொண்டுவரச் சொல்லி, அறிவியல் கூடத்துத் தராசில் நூறு கிராம் நிறுத்து, எல்லோரும் சேர்ந்து உரித்தோம். பாதிக்கு மேல் செம்பு இருந்தது. எரித்தால் தரம் குறைந்து விலை போகும் என்று விளக்கினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எரிச்சா அரை மணியில முடிஞ்சிடும் டீச்சர். உரிச்சா ரெண்டு ராத்திரி ஆகும்." அதற்கு என்னிடம் அன்று மறுமொழி இல்லை. மெல்லிய கம்பியை எரிப்பவர் அறியாமையால் மட்டும் எரிப்பதில்லை. கருவியும் நேரமும் இல்லாததால் எரிக்கிறார். நறுக்கும் இயந்திரம் வாங்க வசதியுள்ளவருக்கு அந்தக் கம்பி குளோவ் ஆகிறது, வசதியில்லாதவருக்குப் புகையாகிறது.

இது யாருடைய கம்பி?

செம்பின் விலை ஏறும்போதெல்லாம் கம்பித் திருட்டும் கூடும். லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பின் விலை 2006 மே மாதத்தில் 8,000 டாலரையும், 2011 பிப்ரவரியில் 10,000 டாலரையும் தாண்டியது. அக்காலத்தில் ரயில்வே, தொலைபேசி, மின்வாரியக் கேபிள்கள் பல நாடுகளில் திருடு போயின.

இந்தியாவில் இச்சிக்கல் மிகப் பழையது. விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளிலேயே, 1950இல், தந்திக் கம்பிகளைச் சட்டவிரோதமாக வைத்திருத்தல் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. எது தந்திக் கம்பி என்பதை அச்சட்டம் கம்பியின் தடிமனால் வரையறுத்தது. ஒரு மைல் நீளக் கம்பி எத்தனை பவுண்டு எடை என்பதே அதன் அளவுகோல். வணிகருக்குத் தரம் காட்டிய தடிமனே காவலருக்கு உடைமை காட்டும் அடையாளமாயிற்று. ரயில்வே சொத்துக்கென 1966இல் தனிச் சட்டம் வந்தது. நேர்மையான கடைக்காரர் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு, விற்பவர் விவரத்தை எழுதி வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். எரித்த கம்பியை அவர் ஐயத்துடன் பார்ப்பதற்கும் இது ஒரு காரணம். மேலுறையில் அச்சிட்ட பெயரும் நிறமும் தீயில் அழிந்துவிடுகின்றன அல்லவா?

அண்மைக் காலம்

பல ஆண்டுகள் உலகின் மேலுறைக் கம்பியும் பழைய மோட்டாரும் பெருமளவில் சீனாவுக்குச் சென்றன. அவற்றைக் கையால் பிரிக்கும் வேலையும், அதன் மாசும் அங்கேயே நடந்தன. 2018 இறுதியுடன் இத்தகைய பிரிக்கப்படாத சரக்கின் இறக்குமதியைச் சீனா நிறுத்தியது. 2020 நவம்பர் முதல், குறிப்பிட்ட தூய்மையை எட்டிய பழைய செம்பைக் கழிவு என்று கொள்ளாமல் மூலப்பொருளாகவே ஏற்கத் தொடங்கியது. தரம் பிரித்த கம்பிக்கு எல்லை திறந்தது. பிரிக்காத குவியலுக்கு மூடியது. பிரிக்கப்படாத சரக்கு ஆசியாவின் பிற நாடுகளை நோக்கித் திரும்பியது.

பழைய செம்பின் தேவை இனியும் கூடும். மின்வாகனம், சூரிய மின்நிலையம், காற்றாலை ஆகிய அனைத்துக்கும் செம்பு வேண்டும். இன்று பல சுரங்கங்களில் தோண்டும் தாதுவில் செம்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. ஒரு டன் தாதுவை அரைத்தால் பத்துக் கிலோ செம்பு கிடைப்பதே அரிது. பத்துக் கிலோ வெறுங்கம்பியோ ஒரு சாக்குப் பையில் அடங்கும்.

முடிவுரை

கடல்கடந்த தந்திக்காகத் தூய செம்பைத் தேடியபோது தரம் என்ற எண்ணம் பிறந்தது. முகம் பாராத வணிகத்துக்காக அதற்குப் பெயர்கள் வந்தன. ரப்பர், ஈயம், காகிதம், பி.வி.சி. என ஒவ்வொரு காலத்துக் கம்பியும் அந்த வரையறைகளில் தன் தடத்தை விட்டுச் சென்றது. காயலான் கடையில் பழைய கம்பியைப் பிரித்துப் போடும் கைகள், அறிந்தோ அறியாமலோ இந்த வரலாற்றைத்தான் பிரித்துப் போடுகின்றன.

வீட்டில் மின்வேலை முடிந்து மிஞ்சிய கம்பியை விற்கும்போது மாணவர்கள் மூன்றை நினைவில் கொள்ளலாம். வகைவகையாகப் பிரித்து வையுங்கள். நூறு கிராம் உரித்து நிறுத்துப் பாருங்கள். ஒருபோதும் எரிக்காதீர்கள். ஊராட்சியும் சேகரிப்போர் குழுக்களும் சேர்ந்து ஓர் உரிப்பு இயந்திரத்தைப் பொதுவில் வைத்தால், அந்த மாணவனுடையதைப் போன்ற குடும்பங்களுக்கு விலையும் கூடும், ஞாயிற்றுக்கிழமைப் புகையும் நிற்கும்.